கணினி மனித அறிவுக்கு நிகராகுமா? எல்லையை முன்கூட்டியே சொல்லுங்கள்

தேடலன் எழுதியது:

கணினி என்றேனும் மனித அறிவுக்கு நிகராகுமா என்று யார் கேட்டாலும், பேச்சு சிறிது நேரத்திலேயே பழைய தடத்தில் ஓடத் தொடங்குவதைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். முடியாது என்பவர்கள் கணினியால் இயலாத ஒரு செயலைச் சுட்டுகிறார்கள். சில ஆண்டுகளில் கணினி அதைச் செய்துவிடுகிறது. உடனே, அந்தச் செயலுக்கு அறிவே தேவையில்லை என்று சொல்லிவிட்டு அடுத்ததற்கு நகர்கிறார்கள். முடியும் என்பவர்களோ, ஏதேனும் ஒரு தேர்வில் இயந்திரம் நல்ல மதிப்பெண் பெற்றதுமே வழக்கு முடிந்துவிட்டது என்கிறார்கள். இரு தரப்பாரின் கையிலும் அளவுகோல் இல்லை.

சதுரங்கத்தை எடுத்துக்கொள்வோம். அதை நன்றாக ஆடுவதே அறிவின் உச்சம் என்று நீண்ட காலம் கருதினோம். 1997 மே மாதம் ஐபிஎம் நிறுவனத்தின் டீப் புளூ, அன்றைய உலக வாகையர் காஸ்பரோவை மூன்றரைக்கு இரண்டரை என்ற கணக்கில் வென்றபோது, நொடிக்கு ஏறத்தாழ 20 கோடி நிலைகளைப் புரட்டிப் பார்ப்பது வேகமே ஒழிய அறிவாகாது என்றோம். கோ என்ற பலகை ஆட்டத்தில் அந்த வேகம் பலிக்காது, அங்கே உள்ளுணர்வு வேண்டும் என்றோம். 2016 மார்ச்சில் ஆல்பாகோ என்ற நிரல், கோ ஆட்டத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்களுள் ஒருவரான லீ செடோலை 5 ஆட்டங்களில் 4-இல் வென்றது. பிறகு மொழி என்றோம், கணித நிறுவல் என்றோம். 2025-ஆம் ஆண்டின் சர்வதேசக் கணித ஒலிம்பியாட் வினாத்தாளில் இருந்த 6 கணக்குகளில் 5-ஐ மொழி மாதிரிகள், அதாவது ஏராளமான எழுத்தைப் படித்து மொழியைக் கையாளப் பழகிய நிரல்கள், தீர்த்து, தங்கப் பதக்கத்துக்கு உரிய 35 மதிப்பெண்களை எட்டின.

இந்தக் குழப்பத்தை முன்னுணர்ந்துதான் கணித அறிஞர் ஆலன் டூரிங் 1950-இல், இயந்திரம் சிந்திக்குமா என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு, எழுத்து வழி உரையாடலில் அதை மனிதரிடமிருந்து பிரித்தறிய முடிகிறதா என்று பார்க்கச் சொன்னார். ஏறத்தாழ 50 ஆண்டுகளில், 5 நிமிடம் கேள்வி கேட்ட பிறகும் சராசரி மனிதர் ஒருவர் சரியாக இனங்காணும் வாய்ப்பு 70 விழுக்காட்டுக்கு மேல் இராது என்றும் கணித்தார். காலம் தள்ளிப்போனாலும், இன்றைய உரையாடல் நிரல்கள் அந்த எல்லையைத் தாண்டிவிட்டன என்றே நான் கருதுகிறேன். ஆனால் அதனால் யாருடைய கருத்தும் மாறவில்லை. என் கருத்தும் மாறவில்லை.

எனவே ஒரு வேண்டுகோள். முடியும், முடியாது என்ற தீர்ப்பைத் தள்ளி வையுங்கள். கணினி எதைச் செய்தால், மனித அறிவுக்கு நிகரானது என்று மறுபேச்சின்றி ஒப்புக்கொள்வீர்கள்? அந்த எல்லையை இன்றே இங்கே எழுதிவிடுங்கள். நாளைக்கு அதைத் தள்ளிப் போட முடியாதபடி அது நம் எல்லோர் முன்னிலையிலும் இருக்கட்டும்.

பழைய நிரலாளர் எழுதியது:

வேண்டுகோள் நியாயமானது. என் எல்லையைச் சொல்வதற்கு முன், எனக்கு ஏன் ஐயம் மிகுதி என்பதை விளக்க அனுமதியுங்கள்.

நான் நிரல் எழுதத் தொடங்கிய காலத்தில் எங்களுக்குச் சொல்லித் தரப்பட்ட முதல் பாடம், கணினி சொன்னதை மட்டுமே செய்யும் என்பது. 1843-இல், கணினிக்கு முன்னோடியாகப் பாபேஜ் வடிவமைத்த பகுப்பாய்வு இயந்திரத்தைப் பற்றி ஏடா லவ்லேஸ் எழுதிய குறிப்புகளிலேயே அந்தக் கருத்து இருக்கிறது: அது தானாக எதையும் தோற்றுவிப்பதில்லை, செய்யச் சொல்ல நமக்குத் தெரிந்ததையே செய்யும். அதை நான் அப்படியே நம்பியவன். இன்று முழுமையாக நம்பவில்லை. அதற்கான காரணத்தை, இங்கே அடுக்குவலை என்ற பெயரில் எழுதும் நண்பரைப் போன்றவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். ஆனாலும் இந்தத் துறையின் வாக்குறுதிகளைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டேன். 1965-இல் ஹெர்பர்ட் சைமன், மனிதன் செய்யும் எந்த வேலையையும் 20 ஆண்டுகளுக்குள் இயந்திரங்கள் செய்யும் என்று எழுதினார். அவர் விவரம் தெரியாதவர் அல்லர். துறையை நிறுவியவர்களுள் ஒருவர். 8 ஆண்டுகள் கழித்து, பிரிட்டனில் வெளிவந்த லைட்ஹில் அறிக்கை, சொன்னதில் பெரும்பகுதி நடக்கவில்லை என்று கூறியதும் ஆய்வுக்கான நிதி வறண்டது.

உரையாடல் சோதனையைப் பற்றியும் ஒரு சொல். 1966-இல் ஜோசப் வைசன்பாம் எழுதிய எலைசா என்ற சிறு நிரல், எதிரில் இருப்பவர் தட்டச்சு செய்த வாக்கியத்தையே கேள்வியாகத் திருப்பிக் கேட்டது. உள்ளே வேறொன்றும் இல்லை. அது உருவானதை மாதக்கணக்கில் உடனிருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதனோடு சிறிது பேசிய பின், அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னாராம். நம்மோடு பேசுவது எதுவானாலும் அதற்குள் ஒரு மனத்தை ஊகித்துவிடும் இயல்பு நமக்கு இருக்கிறது. எனவே டூரிங்கின் சோதனை அளப்பது இயந்திரத்தையா, நம் இயல்பையா என்பது எனக்கு இன்னும் தெளிவாகவில்லை.

என் எல்லை இது. இதுவரை உலகில் இல்லாத ஒரு பலகை ஆட்டத்தை நான் உருவாக்குவேன். விதிகளை ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுப்பேன். 10 ஆட்டங்கள் ஆடிய பிறகு, ஒரு புத்திசாலிப் பிள்ளை எந்த அளவுக்குத் தேறியிருக்குமோ அந்த அளவுக்குக் கணினியும் தேறியிருக்க வேண்டும். இடையில் எந்தப் பொறியாளரும் அதைத் தொடக்கூடாது.

நரம்பியல் மாணவி எழுதியது:

ஐயா சொன்ன சோதனையில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். அதற்கு முன் என் அடிப்படை நம்பிக்கையைச் சொல்லிவிடுகிறேன்: மூளையில் மாயம் எதுவும் இல்லை. ஏறத்தாழ 8,600 கோடி நியூரான்கள் (நரம்பணுக்கள்) கொண்ட, சுமார் 20 வாட் ஆற்றலில் இயங்கும் ஓர் உறுப்பு அது. இயற்பியல் விதிகளுக்கு உட்பட்ட ஒன்று செய்வதை, அதே விதிகளுக்கு உட்பட்ட வேறொன்று கோட்பாட்டளவில்கூடச் செய்யவே இயலாது என்று சொல்ல எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை.

ஆனால் கோட்பாட்டுக்கும் கைக்கும் உள்ள தூரம் சிறிதல்ல. 302 நியூரான்களே உள்ள ஓர் உருளைப்புழுவின் நரம்பு இணைப்பு வரைபடம் 1986-லேயே வெளியாகிவிட்டது. அந்த வரைபடம் கையில் இருந்தும், புழு அடுத்து என்ன செய்யும் என்பதை முழுமையாகச் சொல்ல நம்மால் இயலவில்லை. பழ ஈயின் மூளைக்கான முழு வரைபடம் 2024-இல் வந்தது. ஏறத்தாழ 1,39,000 நியூரான்கள், 5 கோடிக்கு மேற்பட்ட இணைப்புகள். பார்க்கப் பார்க்க வியப்பாக இருக்கிறது. ஆனால் அது சாலை வரைபடம் போன்றது. எந்த வண்டி எதற்காகப் போகிறது என்பது அதில் எழுதப்படவில்லை.

இனி என் எல்லை. எச்.எம். என்ற எழுத்துகளால் மட்டும் நெடுங்காலம் அறியப்பட்ட ஒரு நோயாளி உண்டு. வலிப்பு நோய்க்காக 1953-இல் அவருக்கு அறுவை சிகிச்சை செய்து, மூளையின் இருபுறமும், நினைவு பதிய உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற உறுப்பின் பெரும்பகுதியை அகற்றினார்கள். அதன் பிறகு அவர் 2008-இல் இறக்கும் வரை, புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. பேச்சு தெளிவாக இருந்தது, பழைய அறிவு இருந்தது, பண்பு இருந்தது. காலையில் சந்தித்தவரை மாலையில் தெரியாது. இன்றைய மொழி மாதிரிகளோடு உரையாடும்போது எனக்கு அவர்தான் நினைவுக்கு வருகிறார். பயிற்சி முடிந்த நாளோடு அவற்றின் கற்றல் நின்றுவிடுகிறது. உரையாடல் நீளும் வரை அதில் உள்ளதைப் பிடித்துக்கொள்கின்றன. உரையாடல் மூடியதும் உள்ளே எதுவும் மாறியிருப்பதில்லை. குறிப்பேடு போன்ற ஒரு நினைவகத்தை வெளியே இணைக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் குறிப்பேட்டைப் படித்துத் தெரிந்துகொள்வதும், கற்றதனால் ஆள் மாறுவதும் ஒன்றல்ல.

இன்னும் வியப்பான செய்தி என்னவென்றால், எச்.எம். கூடக் கற்றார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திர வடிவத்தை வரையும் பயிற்சியை நரம்பு உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்கு 3 நாள்கள் கொடுத்தபோது, ஒவ்வொரு நாளும் அதை முதன்முறை செய்வதாகவே அவர் எண்ணினார். கை மட்டும் நாளுக்கு நாள் தேறியது. அந்த அளவுக் கற்றலாவது, மீண்டும் பயிற்சி தராமலேயே, ஓர் இயந்திரத்தில் தானாக நிகழட்டும். இன்று என்னிடம் கற்றதால் நாளை வேறொருவரிடம் மேலும் நன்றாகச் சிந்திக்கும் இயந்திரத்தைக் கண்டால் நான் ஒப்புக்கொள்வேன்.

எண்கணியன் எழுதியது:

கோட்பாட்டளவில் தடை இல்லை என்று சகோதரி எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. கணிதத்தில் அத்தகைய தடை நிறுவப்பட்டிருக்கிறது. அடிப்படை எண்கணிதத்தை உள்ளடக்கிய, முரண்பாடற்ற எந்த விதித்தொகுப்பிலும், அதற்குள் நிறுவ முடியாத உண்மைகள் உண்டு என்பதை 1931-இல் குர்ட் கோடல் காட்டினார். கணினி ஒரு விதித்தொகுப்பு. அதனால் எட்ட முடியாத உண்மையை மனிதர் வெளியில் நின்று உண்மை என்று காண்கிறார். எனவே மனித மனம் விதித்தொகுப்பாக இருக்க முடியாது. மெய்யியலாளர் லூகாஸ் 1961-இலும், இயற்பியல் அறிஞர் ரோஜர் பென்ரோஸ் 1989-இலும் இதை விரிவாக வாதிட்டிருக்கிறார்கள்.

அடுக்குவலை எழுதியது:

எண்கணியன் அவர்களின் வாதத்தில் ஒரு சொல்லை மட்டும் கவனிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்: முரண்பாடற்ற. கோடலின் தேற்றம் முரண்பாடற்ற தொகுப்புகளைப் பற்றியது. நாம் முரண்பாடற்றவர்கள் என்பதற்கு என்ன சான்று? காலையில் ஒன்றையும் மாலையில் அதற்கு எதிரானதையும் நம்பும் நாம், நம்முடைய விதித்தொகுப்புக்கு வெளியே நின்று எல்லா உண்மைகளையும் காண்கிறோம் என்று எப்படிச் சொல்ல முடியும்? டூரிங்கே 1950-இல் இந்த மறுப்பை எடுத்துக்கொண்டு, இத்தகைய வரம்பு மனித அறிவுக்கு இல்லை என்பது நிறுவப்படாமல் வெறுமனே கூறப்படுகிறது என்று விடை தந்துவிட்டார். இதற்கு மேல் அதில் நேரம் செலவிட நான் விரும்பவில்லை. நிரலாளர் ஐயாவும் மாணவியும் எழுப்பியிருப்பவைதான் கடினமானவை.

நான் இத்தகைய மாதிரிகளைப் பயிற்றுவிக்கும் வேலையில் இருக்கிறேன். இவை அடுத்த சொல்லை ஊகிக்கும் இயந்திரங்கள் என்பது சரி. 2020-இல் வந்த ஜிபிடி-3 என்ற மொழி மாதிரியில் 17,500 கோடி எடைமதிப்புகள், அதாவது பயிற்சியில் திருத்தப்படும் எண்கள், இருந்தன. ஏறத்தாழ 30,000 கோடி டோக்கன் (சொல் அல்லது சொல்லின் துண்டு) அளவிலான எழுத்தைப் படித்து, ஒவ்வொரு ஊகத்தின் பிழைக்கும் ஏற்ப அந்த மதிப்புகளைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டது. ஆனால் ஊகிப்பதற்கு என்ன தேவைப்படுகிறது என்பதையே பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒத்தெல்லோ என்ற பலகை ஆட்டத்தை வைத்து நடந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். ஆட்டத்தின் நகர்வுகளை வெறும் குறியீடுகளின் வரிசையாக மட்டுமே ஒரு சிறு மாதிரிக்குக் கொடுத்தார்கள். பலகை என்று ஒன்று உண்டு என்பதே அதற்குச் சொல்லப்படவில்லை. அது முறையான நகர்வுகளை ஊகிக்கக் கற்ற பின் உள்ளே பார்த்தால், எந்தக் கட்டத்தில் எந்த நிறக் காய் இருக்கிறது என்பதற்கு ஒத்த ஓர் அமைப்பு உருவாகியிருந்தது. ஆய்வாளர்கள் அந்த உள்ளமைப்பில் ஒரு காயின் நிறத்தை மாற்றியபோது, மாதிரியின் அடுத்த ஊகமும் அதற்கேற்ப மாறியது. யாரும் கற்பிக்காத பலகையை அது தனக்குள் கட்டிக்கொண்டது. இதற்குப் புரிதல் என்று பெயரிடத் தயங்குபவர்கள் வேறு பெயர் தரட்டும். ஆனால் கிளிப்பிள்ளைப் பாடம் என்று தள்ளிவிட முடியாது.

லவ்லேஸ் அம்மையாரின் கூற்றுக்கும் இதுவே என் மறுமொழி. ஆல்பாகோவின் இரண்டாவது ஆட்டத்தில் 37-ஆவது நகர்வை ஒரு மனித ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு 10,000-இல் 1 என்று அந்த நிரலே மதிப்பிட்டிருந்தது. தெரிந்தே அதை ஆடியது. அதைச் செய்யும்படி யாரும் சொல்லவில்லை, சொல்லத் தெரிந்தவரும் எவரும் இல்லை. நேர்மைக்காக இதையும் சொல்ல வேண்டும்: நான்காவது ஆட்டத்தில் லீ செடோல் ஆடிய 78-ஆவது நகர்வும் அதே அளவுக்கு எதிர்பாராதது, அதைக் கண்டு நிரல் தடுமாறித் தோற்றது.

மாணவி சொன்ன குறை உண்மையானது. என் சொந்த அனுபவத்தில், 3 நாள்களாக நான் தேடியும் கிடைக்காத ஒரு நிரல் பிழையை ஒரு மாதிரி சில நிமிடங்களில் காட்டிக் கொடுத்தது. ஏன் அது பிழை என்பதைத் தெளிவாக விளக்கவும் செய்தது. மறுநாள் புதிய உரையாடலில் வேறொரு பகுதியை எழுதச் சொன்னபோது, அதே பிழையை அதே வடிவில் செய்தது. அப்போது எனக்கு ஏற்பட்ட உணர்வு ஏமாற்றம் என்பதைவிட இரக்கத்துக்கு அருகில் இருந்தது. கற்றலைத் தொடர விட்டால் பழையது அழிந்துபோவது இந்த மாதிரிகளின் நெடுநாள் நோய். அது தீரும் என்றே நம்புகிறேன், இன்னும் தீரவில்லை.

பழைய நிரலாளர் எழுதியது:

ஒத்தெல்லோ ஆய்வு என்னை யோசிக்க வைத்தது. அதை நான் அறிந்திருக்கவில்லை. ஆனால் கோ ஆட்டத்தைப் பொறுத்தவரை கதை 2016-உடன் முடியவில்லை. கேட்டாகோ என்ற நிரல் எந்த மனிதரையும் வெல்லக்கூடியது. அதன் பலவீனங்களைத் தேடவென்றே ஆய்வாளர்கள் இன்னொரு நிரலைப் பயிற்றுவித்தார்கள். அது கண்ட தந்திரத்தைக் கற்றுக்கொண்ட ஓர் அமெச்சூர் ஆட்டக்காரர், ஆடும்போது எந்தக் கணினி உதவியும் இல்லாமல், அத்தரத்திலான நிரலை 15 ஆட்டங்களில் 14-இல் வென்றார் என்ற செய்தி 2023-இல் வந்தது. தந்திரம் எளியது: நிரலின் காய்க்கூட்டத்தை மெதுவாக, பெரிய வளையமாகச் சுற்றி வளைப்பது. வளையம் முடியும் தறுவாயிலும் நிரல் ஆபத்தை உணரவில்லை. ஓரளவு ஆடத் தெரிந்த மனிதர் எவரும் அதைக் கண்டுகொள்வார்.

எனக்கு இது வெறும் பிழையாகப் படவில்லை. காயைச் சுற்றி வளைத்தால் பிடிபடும் என்பதே அந்த ஆட்டத்தின் முதல் பாடம். அதை அறியாமலேயே ஒன்று உலகின் தலைசிறந்த ஆட்டக்காரராக இருக்க முடிந்தது என்றால், திறமையும் புரிதலும் இத்தனை தூரம் பிரிந்து நிற்க முடியும் என்றாகிறது. மனிதரிடம் அவை சேர்ந்தே வரக் கண்டு பழகியதால், ஒன்றைக் கண்டதும் மற்றதும் இருக்கும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம்.

மொழியாசிரியர் எழுதியது:

கணினித் துறைக்கு நான் அயலவன். ஆனால் அறிவு என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்லலாம் என்று நினைக்கிறேன். தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்கும்போது, முதலில் வைப்பது தொடுதலை. அதனொடு நா, அவற்றொடு மூக்கு, அவற்றொடு கண், அவற்றொடு செவி என்று ஏறி, ஆறாவதாக அவற்றொடு மனம் என்று முடிகிறது. ஆறறிவு என்று நாம் நாள்தோறும் சொல்கிறோம். அந்த 'அவற்றொடு' என்ற சொல்லை மறந்துவிடுகிறோம். மனம் மற்ற ஐந்தின் மேல் அமர்ந்திருக்கிறது. அவற்றை விட்டுத் தனியே நிற்கவில்லை.

கணினி இந்த ஏணியைத் தலைகீழாக ஏறியிருக்கிறது. மேல்படியில் வைத்த தருக்கமும் கணக்கும் அதற்கு முதலில் வந்தன. கீழ்ப்படியில் உள்ள தொடுதல் இன்னும் கைவரவில்லை. ஹான்ஸ் மொராவெக் என்ற எந்திரவியல் அறிஞர் 1988-லேயே இதைச் சுட்டியிருக்கிறார் என்று பின்னர் படித்தேன்: அறிவுச் சோதனையில் பெரியவர்களின் அளவுக்கு இயந்திரத்தைக் கொண்டுவருவது எளிது, பார்ப்பதிலும் நடமாடுவதிலும் ஒரு வயதுக் குழந்தையின் திறனைக் கொடுப்பதுதான் கடினம் என்பது அவர் கண்டது. உயிர்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தீட்டிவந்தவை அத்திறன்கள். தருக்கமோ நேற்று வந்தது.

இது மொழியையும் தொடுகிறது. ஈ, தா, கொடு ஆகிய மூன்றும் கேட்கும் சொற்களே. ஆனால் தாழ்ந்தோன் ஈ என்றும், ஒத்தோன் தா என்றும், உயர்ந்தோன் கொடு என்றும் கேட்பான் என்று அதே நூலின் சொல்லதிகாரம் பிரிக்கிறது. இந்த வேறுபாட்டை ஒரு மொழி மாதிரியிடம் கேட்டுப் பார்த்தேன். பிழையின்றி விளக்கியது, எடுத்துக்காட்டும் தந்தது. ஆனால் ஈ என்று கேட்க நேர்ந்தவனுக்கு அந்தச் சொல் தொண்டையில் சிக்கும். தேவை ஒருபுறம் தள்ள, கூச்சம் மறுபுறம் இழுக்க வெளிவரும் சொல் அது. தேவையே இல்லாத ஒன்றுக்கு அந்தச் சொல்லின் பொருள் எந்த அளவுக்குத் தெரியும்? ஒரு குழந்தை 10 வயதுக்குள் கேட்கும் சொற்கள் 10 கோடியைத் தாண்டுவது அரிது என்கிறார்கள். இயந்திரத்துக்கு அதைப் போலப் பல்லாயிரம் மடங்கு எழுத்து தேவைப்பட்டதற்குக் காரணம், குழந்தைக்குச் சொல்லோடு பசியும் தொடுதலும் சேர்ந்தே கிடைப்பதுதான் என்பது என் ஊகம். எல்லை கேட்டீர்கள் அல்லவா? குழந்தை கேட்கும் அளவுச் சொற்களைக் கொண்டே மொழியைக் கற்றுக்கொண்ட இயந்திரத்தை எனக்குக் காட்டுங்கள்.

இரவுப்பணி எழுதியது:

நான் செவிலியாகப் பணிபுரிகிறேன். இந்த இழையை ஒரே மூச்சில் படித்தேன். கருவிகள் காட்டும் எண்கள் எல்லாம் சரியாக இருக்கும்போதே, ஒரு நோயாளியின் முகத்தைப் பார்த்து, இவருக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றிய இரவுகள் எங்கள் பணியில் உண்டு. மருத்துவரை எழுப்பினால், என்ன காரணம் என்று கேட்பார், சொல்லத் தெரியாது. பல முறை அந்த எண்ணம் சரியாக இருந்தது, சில முறை தவறாகவும் இருந்தது. கேமராவும் போதிய தரவும் இருந்தால் முகத்தின் அந்த மாற்றத்தை இயந்திரமும் கண்டுபிடித்துவிடும் என்று அடுக்குவலை அவர்கள் சொல்லக்கூடும். சொன்னால் மறுக்க மாட்டேன், வந்தால் வரவேற்பேன்.

என் கேள்வி வேறு. தவறாகிவிட்டால் திட்டு விழும் என்று தெரிந்தும் எழுப்புவதா, விடியும் வரை பொறுப்பதா என்று தீர்மானிக்கும் அந்தச் சில நிமிடங்களில் என்னை உந்துவது அச்சம். அந்த மனிதர் இறந்துவிடுவாரோ என்ற அச்சம். எதையும் இழக்க இயலாத ஒன்று, எது முக்கியம் என்பதை எங்கிருந்து அறியும்?

நரம்பியல் மாணவி எழுதியது:

இரவுப்பணி அவர்களின் கேள்வி நரம்பியலிலும் இருக்கிறது. நரம்பியல் அறிஞர் அன்டோனியோ டமாசியோ 1994-இல் விவரித்த ஒரு நோயாளிக்கு, மூளைக் கட்டியை அகற்றியபோது முன்மூளையின் ஒரு பகுதி சேதமடைந்தது. அறிவுத்திறன் சோதனைகளில் குறைவில்லை. நினைவு, மொழி, தருக்கம் எல்லாம் இருந்தன. உணர்ச்சி மட்டும் வற்றிவிட்டது. விளைவாக அவரால் தீர்மானிக்க இயலாமல் போனது. ஆவணங்களை எந்த அடிப்படையில் அடுக்குவது என்பதைப் பற்றியே பொழுதெல்லாம் யோசித்துக்கொண்டிருப்பார். வாய்ப்புகளை எண்ண முடிந்தது. எதுவும் மற்றதைவிடக் கனமாக இருக்கவில்லை. உணர்ச்சி அறிவுக்குப் பகை என்று நாம் கற்பித்துக்கொண்டது எவ்வளவு தவறு என்பதை இந்த ஒருவரின் வாழ்க்கை காட்டுகிறது.

ஆயினும் இதை வைத்து இயந்திரத்தால் முடியாது என்ற முடிவுக்கு நான் வரமாட்டேன். அச்சம் உடலில் நிகழும் ஒரு மதிப்பீடு. அந்த மதிப்பீட்டின் வேலையைச் செய்யும் ஓர் அமைப்பை இயந்திரத்துக்குக் கொடுக்கலாம். அப்போது அது அஞ்சுமா, அஞ்சுவதுபோல் நடக்குமா என்பது வேறு கேள்வி. அதை எப்படிச் சோதிப்பது என்று எனக்குத் தெரிந்த எவரும் இதுவரை சொன்னதில்லை.

அடுக்குவலை எழுதியது:

மொழியாசிரியர் அவர்களே, ஈ என்ற சொல்லைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு மறுமொழி தேடி இரண்டு நாள்கள் காத்திருந்தேன். முழு மறுமொழி கிடைக்கவில்லை. என்னால் சொல்ல முடிந்தது இதுதான்: இல்லாமையை ஒருநாளும் அறியாத மனிதர்களும் அந்தச் சொல்லைப் பிறர் எழுத்தின் வழியாகப் புரிந்துகொள்கிறார்கள், அப்புரிதல் குறைபட்டது என்றாலும், அவர்களுக்கு அறிவில்லை என்று நாம் சொல்வதில்லை. ஆனால் அவர்களுக்கு வேறு ஏதேனும் ஒன்றுக்காகக் கை நீட்டிய அனுபவம் இருக்கும், அதைக் கொண்டு இதை ஊகிக்கிறார்கள் என்று நீங்கள் மறுமொழி கூறினால், என்னிடம் விடை இல்லை.

குழந்தைக் கணக்கைப் பற்றி மட்டும் ஒரு திருத்தம். குழந்தை வெறுமையிலிருந்து தொடங்குவதில்லை. எண்ணற்ற தலைமுறைகளின் கற்றல் அதன் மூளையின் அமைப்பிலேயே இருக்கிறது. இயந்திரத்துக்குப் பயிற்சி தரும்போது, அந்தப் பரிணாமத்தையும் குழந்தைப் பருவத்தையும் ஒருங்கே நடத்துகிறோம். அதையும் கணக்கில் சேர்த்தால் இடைவெளி தோன்றும் அளவுக்குப் பெரிதாக இராது.

நிரலாளர் ஐயாவின் பலகை ஆட்டத்தையும், மாணவியின் தொடர் கற்றலையும், மொழியாசிரியரின் 10 கோடிச் சொற்களையும் நான் எல்லைகளாக ஏற்கிறேன். மூன்றும் என் வாழ்நாளில் கடக்கப்படும் என்று எதிர்பார்க்கிறேன். இரவுப்பணி அவர்கள் கேட்டதை எல்லையாக ஏற்க இயலவில்லை. அது எளிது என்பதனால் அல்ல. கடந்துவிட்டோம் என்று ஒரு நாள் யாரேனும் சொன்னால், அதைச் சரிபார்க்கும் வழி என்னிடம் இல்லை.

தேடலன் எழுதியது:

அப்படியானால் என் வேண்டுகோளே ஒரு பகுதியை விட்டுவிட்டது என்று இப்போது உணர்கிறேன். செயல்களுக்கு எல்லை கேட்டேன். இரவுப்பணி அவர்கள் கேட்டது செயலைப் பற்றியதன்று. எதற்காகச் செய்கிறோம் என்பதைப் பற்றியது. அதற்குத் தனி இழை வேண்டும். விரும்பினால் நீங்களே தொடங்குங்கள், அம்மா. நான் வந்து படிப்பேன்.

மற்ற மூன்றையும் இழையின் தலைப்பில் குறித்துவிட்டேன். எண்கணியன் அவர்கள் தம் எல்லையை இன்னும் தரவில்லை. எந்தச் செயலைக் கண்டாலும் மாறாது என்பதே அவர் நிலையானால், அதையும் அப்படியே எழுதிவிடட்டும். நிரலாளர் ஐயாவுக்கு ஒரு கேள்வி: ஆட்டம் உண்மையிலேயே புதியது என்பதை எப்படி உறுதி செய்வீர்கள்?

பழைய நிரலாளர் எழுதியது:

நல்ல கேள்வி. பழைய ஆட்டம் ஒன்றின் சாயல் இருந்தால் அது சோதனையாகாது. இணையத்தில் எழுதினால், அடுத்த மாதிரியின் பயிற்சித் தரவில் அது சேர்ந்துவிடும். எனவே விதிகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை 7 விதிகள் ஆகியிருக்கின்றன. நான்காவது விதியில் ஒரு முரண் இருப்பதை என் பேத்தி நேற்று ஆடிப் பார்த்துக் கண்டுபிடித்தாள், அதைத் திருத்த வேண்டும். அடுக்குவலை அவர்கள் விரும்பினால் நேரில் சந்திப்போம். பலகையை நான் கொண்டு வருகிறேன். அவர் தம் இயந்திரத்தைக் கொண்டு வரட்டும். அதுவரை ஒரு விதியைக்கூட இந்த இழையில் எழுத மாட்டேன்.